பச்சைப் புள்ளி

உங்கள் ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள் மேடம். கவிழ்த்து வைத்தால் அதற்குக் காது அடைத்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மைக் இருப்பது கீழ் விளிம்பில், சார்ஜர் சொருகும் ஓட்டைக்குப் பக்கத்தில், குண்டூசி முனை அளவுக்கு. கவிழ்த்தாலும் நிமிர்த்தினாலும் அதற்கு ஒன்றுதான். செட்டிங்ஸுக்குள் போய், எந்தெந்த ஆப் மைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறது என்று பார்த்து, தேவையில்லாததை அணைத்துவிட வேண்டும். டார்ச் அடிக்கிற ஆப்புக்கு எதற்கு மைக்? ராசிபலன் சொல்கிற ஆப்புக்கு நாம் வீட்டில் பேசுவது எதற்கு? கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்வேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

நான் சொல்வதை ரெக்கார்ட் பண்ணிக்கொள்கிறேன் என்றீர்கள். வேண்டாம் என்றேன். என் குரலை என் கையை விட்டு வெளியே அனுப்புவதில்லை என்று வைத்திருக்கிறேன். எழுதித் தருகிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். எங்கள் வீட்டில் அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எழுத வரும். பக்கத்தில் உட்கார வைத்திருக்கிற கான்ஸ்டபிள் அக்கா தூங்கி வழிகிறார், அவரைத் திட்ட வேண்டாம்.

என் பெயர் பிரகதீஸ்வரி. கடையில் ஈஸ்வரி. கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முத்துராமன் அண்ணனின் மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். உடைந்த டிஸ்ப்ளே, சார்ஜிங் பின், ஸ்பீக்கர் எல்லாம் அண்ணன் பார்ப்பார். ஃபோனுக்குள்ளே இருப்பதெல்லாம் என் பொறுப்பு. லாக் போடுவது, லாக் எடுப்பது, பழைய ஃபோனில் இருப்பதைப் புது ஃபோனுக்கு மாற்றுவது.

எங்கள் கடைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு விரலில் ரேகை கிடையாது. முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள். வறுத்த கொட்டையின் ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது, தோலைப் பொசுக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் விடாது. தோல் உரியும், வளரும், மறுபடி உரியும். ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவர்களுடைய ஃபோனுக்குக் கைரேகை லாக் போட முடியாது. நம்பர் லாக்தான் போட்டுக் கொடுப்பேன். மற்றவர்கள் ஃபோனில் அவர்கள் விரலைப் பதிய வைக்கவும் முடியாது. என் அம்மா ராக்காயியின் கையும் அப்படித்தான். உதயசூரியனின் மனைவி அழகியின் கையும் அப்படித்தான்.

உதயசூரியன் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் லாக்கப்பில்தான் இருக்கிறார். ஆதனக்கோட்டை ரோட்டில் தகரம் போட்ட முந்திரி ஷெட் அவருடையது. ஊரில் 'மொதலாளி' என்பார்கள். வீட்டில் நான் அவனை வேறு மாதிரிச் சொல்வேன். இது ஸ்டேஷன், அவர் என்றே எழுதுகிறேன்.

என் அம்மா அந்த ஷெட்டில் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கொட்டை உடைத்தாள். ஷெட்டில் பெண்கள் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆம்பிளைகள் யாரும் இல்லை என்றால் பேச்சு இடுப்புக்குக் கீழேதான் போகும். புகையிலும் சூட்டிலும் சம்மணம் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஒன்றுதான் காற்று. அதில் என் அம்மாதான் கெட்டிக்காரி. அவள் வாயைத் திறந்தால் மற்றவர்கள் கொட்டை உடைக்கிற கட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

போன வருஷம் சீசனில் அந்தப் பெண்கள் கையுறை கேட்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை, ரப்பர் கையுறை. கொடுக்காவிட்டால் திங்கள்கிழமை யாரும் வருவதில்லை என்று பேச்சு ஓடியது. இதை யார் கிளப்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ள உதயசூரியன் தன் ஃபோனில் ரெக்கார்டரை ஓட விட்டு, சாக்கு அடுக்குக்கு நடுவில் செருகி வைத்துவிட்டு, பேங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து கேட்டதில் கையுறைப் பேச்சு என் அம்மாவுடையது என்று தெரிந்தது. கையுறையை அவர் வெளியே விடவில்லை. அதற்கு அடுத்து வந்த பேச்சை வெட்டி எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். என் அப்பாவைப் பற்றி அம்மா சொன்னது.

அந்த மனுஷன் என்னைத் தொட்டு எட்டு தீபாவளி ஆச்சு, நான் செவுத்தைக் கட்டிக்கிட்டுப் படுக்குறேன், செவுராச்சும் சூடா இருக்கு என்று சொல்லியிருந்தாள். அதற்கு மேலும் இருந்தது. எழுத மாட்டேன். அவள் சொன்ன இடத்தில் அது சிரிப்பு. ஊர் குரூப்பில் அது வேறு.

குழந்தைசாமி டீக்கடையில் அதை ஸ்பீக்கரில் போட்டார்கள். என் அப்பா அன்றைக்கு அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாராம். மறுநாள் திருப்பூர் பஸ் ஏறினார், இன்னும் இறங்கவில்லை. அம்மாவும் நானும் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். அங்கே இருந்தவர் ஆடியோவை முழுதாகக் கேட்டார், இரண்டாவது முறையும் கேட்டார், பிறகு சொன்னார்: "நீ பேசுனதுதானம்மா. ஒன் வாயிலேருந்து வந்ததுக்கு ஆரு மேல கேசு போடச் சொல்ற?"

அதற்குப் பிறகு அம்மா பேசுவதைக் குறைத்தாள். முதலில் ஃபோன் இருக்கிற அறையில் பேச மாட்டாள். என் ஃபோனைக் கண்டால் கையைக் காட்டி அங்கிட்டு வை என்பாள். ஆஃப் செய்து வைத்தாலும் நம்பவில்லை. நான் அவளுக்குப் பாடம் நடத்தினேன். இங்கே பார் அம்மா, ஏதாவது ஓர் ஆப் மைக்கைத் திறந்தால் திரையின் மேல் மூலையில் பச்சையாக ஒரு புள்ளி எரியும். அது எரிந்தால் யாரோ கேட்கிறார்கள். எரியவில்லை என்றால் யாரும் கேட்கவில்லை. அவள் அந்த மூலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து யாரிடமும் ஒரு பேச்சும் இல்லை. ஷெட்டுக்கும் போகவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் அம்மா குரலைக் கேட்க வேண்டுமென்றால் எனக்கு ஒரு வழிதான் இருந்தது. அந்த ஆடியோ. என் ஃபோனில் இருக்கிறது. கேட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் அனுதாபத்துக்காக எழுதவில்லை. ஏன் என்று கேட்டீர்கள், அதனால்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் உதயசூரியன் எங்கள் கடைக்கு வந்தார். அவராக வந்தார், நான் கூப்பிடவில்லை. புது ஃபோன் வாங்கியிருந்தார். பழையதில் இருப்பதை எல்லாம் இதில் ஏற்ற வேண்டும். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஷெட்டில் குனிந்த தலைகளைத்தான் பார்த்திருக்கிறார், அந்தத் தலைகளுக்குப் பிறந்தவர்களை எங்கே பார்த்திருக்கப் போகிறார். ஸ்டூலில் உட்கார்ந்து ஜிகர்தண்டா குடித்துக்கொண்டே சொன்னார்: "நொய்யி நொய்யின்னு எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கும்மா. எல்லாத்துக்கும் அலோ குடுத்து விட்ரு."

அனுமதி கொடுத்து விட்டேன். ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. டார்ச்சுக்கு மைக்கை அணைத்தேன். ராசிபலனுக்கு, பாட்டுக்கு, சீட்டு விளையாட்டுக்கு, ஒவ்வொன்றாக உட்கார்ந்து அணைத்தேன். கண்ட கண்ட கம்பெனிக்காரன் அவர் வீட்டுப் பேச்சைக் கேட்கக் கூடாது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் திறந்து வைத்தேன். பிள்ளைகளைக் கண்காணிக்க அப்பா அம்மாக்கள் போடுகிற மாதிரி ஒரு ஆப், நான் ஏற்றியது, அதன் மறுமுனை என்னிடம். என் வேலையில் சுத்தம் இருக்கும், முத்துராமன் அண்ணனைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு இது எதுவும் தெரியாது.

பச்சைப் புள்ளியை அணைக்க முடியாது. அது ஃபோன் கம்பெனிக்காரன் வைத்தது. பூஜை நேரம் என்பதால் கடையில் எல்லா ஃபோனுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் கொடுத்தோம். மற்றவர்களுக்கு முதுகுப் பக்கம் வைத்தேன். அவருக்கு முன்பக்கக் கண்ணாடியில், வலது மேல் மூலையில் வைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனார். சாமிப் பொட்டை அவராக அழிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அது காய்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் எதையும் ரெக்கார்ட் செய்யவில்லை. ரெக்கார்ட் செய்தது அவர். எனக்கும் அவருக்கும் அந்த வித்தியாசம் உண்டு. கேட்டேன், அவ்வளவுதான். கடையில் கூட்டம் இல்லாதபோது ஒரு காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொள்வேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சட்டைப்பைக்குள் துணி உரசுகிற சத்தம், லாரி, ஏப்பம். ஒரு மனுஷனை வெறுப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் அவருக்குப் பேச்சுத் துணை அழகிதான். இரண்டாவது மனைவி. ஷெட்டில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்த பெண். மூத்தவள் கிணற்றில் விழுந்து போன மறு வருஷம் இவளைக் கட்டிக்கொண்டார். என்னைவிட இரண்டு வயது பெரியவள், அக்கா என்று கூப்பிடுவேன். கல்யாணம் ஆன பிறகும் அவளுக்கு என்று ஒரு ஃபோன் வாங்கித் தரவில்லை. ஆடியோ விவகாரம் நடந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே ஆள் அவள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். நல்லவள். அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை.

அவர் மனைவியிடம் மட்டும் சொன்ன பேச்சு வெளியே போய், ஊர் சுற்றி, அவர் காதுக்கே திரும்பி வர வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான். அவரை யாரும் அடிக்க வேண்டாம், கேஸ் போட வேண்டாம். என் அப்பா டம்ளரைக் கழுவி வைத்தாரே, அந்த மாதிரி ஒரு தடவை அவரும் கழுவி வைக்க வேண்டும்.

அதற்கு எனக்குச் செலவே இல்லை. குழந்தைசாமி எங்கள் கடைக்கும் டீ கொண்டு வருவார். அவரிடம் ஒன்றைச் சொன்னால் காலி டம்ளரோடு சேர்த்து ஊருக்குள் எடுத்துப் போய்விடுவார். யார் சொன்னது என்று கேட்டால், எல்லாரும் சொல்றாங்க என்பார். எல்லாரும் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்பே அப்படிச் சொல்லக்கூடிய ஆள்.

முதலில் சின்னதாக ஒன்று. புதுக்கோட்டையிலிருந்து பருப்பு எடுக்க வருகிற சண்முகத்தைப் பற்றி உதயசூரியன் வீட்டில் சொன்னது. கிட்டக்க வந்தா வாய் நாறும், அதனாலதான் நான் திரும்பி நின்னு பேசுறது என்று. ஒரு வாரத்தில் அது சண்முகத்திடம் போய்ச் சேர்ந்தது. அவர் பருப்பு எடுப்பதை நிறுத்தினார். உதயசூரியன் அன்று சாயங்காலம் மனைவியிடம் நான் இதை ஒன்கிட்டத்தானே சொன்னேன் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. யோசனையாகத்தான் கேட்டார்.

இரண்டாவது, அவர் லைட்டை அணைக்காமல் தூங்குகிறார் என்பது. மூத்தவள் கால்மாட்டில் வந்து நிற்கிறாளாம். ஈரச் சேலையோடு. இதை ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அழகியிடம் சொன்னார். சொல்லும்போது குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் டீக்கடையில் ஒருவன் கேட்டான்: "என்ன மொதலாளி, இன்னைக்கிக் கரண்டு கட்டாமுல்ல. தொணைக்கு வரவா, இல்ல அங்கிட்டே ஒரு ஆளு நிக்குதா?"

அந்தச் சிரிப்பை நான் அவர் சட்டைப்பைக்குள் இருந்து கேட்டேன். நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து அழகியை அடித்தார். அறைகிற சத்தம் மைக்கில் யாரோ கைதட்டுவது போலத்தான் கேட்கும். தெரியாதவர்கள் கேட்டால் அப்படித்தான் நினைப்பார்கள். "என் ஃபோன எடுத்து எவன்கிட்டடி பேசுற?" என்று கேட்டார். அவள் தன் கையைக் காட்டியிருக்க வேண்டும். ரேகையே இல்லாத இந்தக் கைய வச்சா தெறக்குமாங்க என்றாள். நம்பர் தெரிஞ்சு வச்சிருப்ப என்றார். மூத்தவ போன எடத்துக்கு ஒன்னையும் அனுப்பிருவேன் என்றும் சொன்னார். இதை நான் தெளிவாகக் கேட்டேன். உங்களுக்கு உபயோகப்படும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அடுத்த வாரம் அழகி கடைக்கு வந்தாள். முகத்தில் ஒரு பக்கம் முந்தானையை இழுத்து விட்டிருந்தாள். அவர் புதுக்கோட்டைக்குப் போயிருந்தார், அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறாள்.

"ஈஸ்வரி, நீ படிச்ச புள்ள. நாங்க வீட்டுல பேசுறது வெளிய போகுது. நான் சொல்லல, எங்காத்தா சத்தியமா சொல்லல. ஃபோன் வழியா எவனாச்சும் ஒட்டுக்கேக்க முடியுமா?"

"அலோ குடுக்காம யாராலயும் கேக்க முடியாதுக்கா," என்றேன். உண்மை அது.

"அவரு ஃபோன்ல பொட்டு காஞ்சு போயிருந்துச்சுன்னு ஈரத்துணியால தொடச்சேன். மேல மூலையில பச்சையா ஒரு புள்ளி எரியுதே, அது என்னா?"

நான் அப்போது ஒரு ஃபோனின் சிம் தட்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். தட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"அது சார்ஜ் இருக்குன்னு காட்டுறதுக்கா."

அவள் முகம் தெளிந்தது. நான் அவளுக்கு நல்ல சேதி சொன்னதைப் போல. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். ஒரு தடவை வந்து அவரிடம் சொல்ல வேண்டும். கொட்டை உடைக்கிற கைக்கு அந்த ஃபோன் திறக்காது, நம்பர் மாற்றி மாற்றிப் போட்டால் ஃபோன் பூட்டிக்கொள்ளும், அவர் பொண்டாட்டி அதை எடுத்துப் பேச வழியே இல்லை என்று. கடைக்காரர்கள் சொன்னால் கேட்பாராம். நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு, நீ சொன்னா நம்புவாரு என்றாள். சொல்றேன்க்கா என்றேன். போகும்போது என் தாடையைத் தொட்டுவிட்டுப் போனாள். சொரசொரப்பான விரல். அம்மா விரல் மாதிரியே.

அன்றோடு நிறுத்திவிடுவது என்றுதான் இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்த ஆப்பை எடுத்துவிட்டு, அவர் அடுத்து கடைக்கு வரும்போது கைரேகை விஷயத்தை எடுத்துச் சொல்லி, அவளுக்கும் ஒரு நிம்மதியைக் கொடுத்து, எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை கேட்கலாம் என்று இயர்ஃபோனை மாட்டினேன்.

உதயசூரியன் மதியம் எங்கே போயிருந்தாய் என்று அழகியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ராக்காயி பெரியம்மா வீட்டுக்குத்தான், வேற எங்கயும் போகல என்றாள். அந்த ஊமைகிட்ட ஒனக்கு என்னடி பேச்சு என்றார். அதற்கு அவள் சொன்னாள்:

"ஊமையில்லங்க. இன்னைக்கி என்கிட்ட பேசுச்சு. என் கையப் புடிச்சுப் பாத்துட்டு, நம்ம ரெண்டு பேரும் சாமிடி, சாமிக்குத்தான் ரேகை கெடையாதுன்னு சொல்லிப்புட்டு வாய் விட்டுச் சிரிச்சுச்சு."

என் அம்மா பேசியிருக்கிறாள். சிரித்திருக்கிறாள். நான் இட்லி வாங்கிக்கொண்டு போய், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு, ஃபோனைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்து, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லும்மா என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்கவே மாட்டாள். அவள் பேசிய முதல் வாக்கியம் அந்த ஆள் வீட்டுப் பெண்ணுக்குப் போய், அந்த ஆளின் ஃபோன் வழியாக எனக்கு வந்து சேர்ந்தது.

இது ஒரு பக்கம். மறுநாள் நான் மூன்றாவது பேச்சை வெளியே விட்டது வேறு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அது முன்பே முடிவு செய்தது. அவர் என் அம்மாவுக்குச் செய்ததற்குச் சரியான பதில் அதுதான் என்று பல நாளாகப் பொத்தி வைத்திருந்தது. குழந்தை இல்லை என்று அவர் திருச்சியில் ஒரு வைத்தியரிடம் போய்க்கொண்டிருந்தார். குறை அழகியிடம் இல்லை, அவரிடம். அதுவும் சாதாரணக் குறை இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அவர் அதைச் சொல்லி அழுததும், இதுக்கு என்னங்க, நான் இருக்கேன்ல என்று அவள் சமாதானம் சொன்னதும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். குழந்தைசாமியிடம் நான் வைத்தியர் பெயரைக்கூடச் சேர்த்துச் சொன்னேன். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் இவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே உதயசூரியன் வண்டியின் ஹேண்டில்பாரில் யாரோ ஒரு லேகிய டப்பாவைக் கட்டி, அதற்கு மாலையும் போட்டுவிட்டார்கள். டீக்கடை வாசலிலிருந்து அவர் வண்டியை எடுத்தார். வழி முழுக்கக் காற்றுச் சத்தம்தான் கேட்டது. அழகி ஷெட்டைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். விளக்குமாற்றுச் சத்தம் வந்தது, நின்றது. பிறகு தகரக் கதவு. பிறகு தாழ்ப்பாள்.

நாங்கள் அப்போது கடையைச் சாத்துகிற நேரம். அண்ணன் ஷட்டர் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கும் புதிதாக இருந்தது. இது உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும் அழகி என்றார், பெயரைச் சொல்லி, மெதுவாக. அவளும் அழவில்லை. ரொம்பத் தெளிவாகப் பேசினாள்.

"ஈஸ்வரிகிட்ட கேளுங்க. அந்தப் புள்ள சொன்னா நம்புவீங்கள்ல. என் கைக்கு ஒங்க ஃபோன் தெறக்காதுன்னு அது சொல்லும். இப்பவே ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்க. அதுக்கப்பறம் என்ன வேணும்னாலும் செய்யிங்க."

போட்டார். நானே எதிர்பார்க்கவில்லை. என் முன்னால் இருந்த ஃபோன் அடித்தது. 'முந்திரி ஷெட்' என்று பெயர் வந்தது. எங்கள் கடையில் கஸ்டமர் எல்லோருக்கும் என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம்.

அண்ணன், யாரும்மா இந்நேரத்துக்கு என்றார். கஸ்டமர்ண்ணே, கடை சாத்தியாச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம் என்றேன். அது அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவை அவர் போடவில்லை.

பிறகு நான் செய்ததைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அன்றைக்கு அந்த நேரத்தில் ஏன் மைக் அணைக்கப்பட்டது, ஏன் ஆப் எடுக்கப்பட்டது என்று. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. என் பக்கத்திலிருந்தே அதை அணைக்கவும் எடுக்கவும் முடியும். அனுமதி வேண்டாம் என்று அழுத்தினேன். புருஷன் பொண்டாட்டி தனியாக இருக்கிற இடத்தில் மூன்றாம் மனுஷர் காதை வைப்பது அசிங்கம். அவரவர் வீட்டுக்குள் நடப்பது அவரவருக்கு. அதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அன்றைக்குத்தான் நான் சொல்வதை நானே கடைப்பிடித்தேன்.

அதனால் ஷெட்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எதையும் நான் கேட்கவில்லை. காலையில் வறுக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்தார்கள் என்று ஊரில் சொன்னதுதான் எனக்கும் தெரியும். எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவர் சொல்கிறார். இல்லை என்று சொல்ல உங்களிடம் ஆள் இல்லை. மைக் திறந்திருந்தால் ஒரு சாட்சி இருந்திருக்கும். அதை மூடியது நான். ஃபோனை எடுத்து ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் சாட்சியே தேவைப்பட்டிருக்காது. அந்த வார்த்தை என் வாயில் இருந்தது, நான் சொல்லவில்லை. அவரைக் குறி வைத்தேன், அவள் நடுவில் நின்றாள் என்று நேற்று உங்களிடம் சொன்னேன் இல்லையா? அதை அடித்துவிடலாம். மூன்றாவது பேச்சை வெளியே விட்டபோது அது யார் மேல் விழும் என்று எனக்குத் தெரியும்.

என்னை யார் காட்டிக் கொடுத்தது என்று நீங்கள் சொல்வதற்கு முன்பே யூகித்திருந்தேன். சாவு வீட்டில் ஷெட்டுப் பெண்களில் ஒருத்தி சொல்லிச் சொல்லி அழுதாளாம்: பச்சையா என்னமோ எரியுதுன்னு பயந்துக்கிட்டுக் கெடந்தா, ஈஸ்வரிகிட்டக் கேட்டேன், அது சார்ஜாம்னு வந்து சிரிச்சாளே என்று. அந்தக் கூட்டத்தில் பச்சைப் புள்ளி என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் பாடம் நடத்திய ஒருத்தி. அங்கிருந்து எழுந்து, பஸ்ஸில்கூட ஏறாமல், நேரே இங்கிட்டு நடந்து வந்திருக்கிறாள்.

முழு வாக்குமூலமும் கொடுத்தாள் என்றீர்கள். இடையில் தண்ணீர் கேட்டுக் குடித்தாள், குரல் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த மாதிரி கரகரவென்று இருந்தது, ஆனால் நிறுத்தாமல் பேசினாள் என்றீர்கள். எனக்கு அது போதும். எல்லோரும் எதற்கு எதற்கு என்று கேட்கிறீர்களே, என் அம்மாவைப் பேச வைக்கத்தான் இவ்வளவும். பேச வைத்துவிட்டேன். யாராலும் முடியாததை நான்தான் செய்தேன்.

கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், எங்கே வேண்டுமோ அங்கே. எனக்கு ரேகை நன்றாக விழும். ஒரே ஒரு உதவி மட்டும் மேடம். அம்மா பேசியதை நீங்கள் ரெக்கார்ட் செய்திருப்பீர்கள். அதோ அந்த ஃபோனில்தான் இருக்கும். அதை நிமிர்த்தி ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். முழுவதும் வேண்டாம். என் பெயரைச் சொல்கிற இடம் மட்டும் போதும்.